கென்ஷின் இம்பாக்டில் டேமேஜை ஏற்றுவது: ஷியாங்லிங்கை வைத்து ஆர்ட்டிஃபாக்ட் கணக்கு, படிப்படியாக

கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டில் ஆளுக்கு மாட்டும் ஐந்து துண்டுகள்தான் ஆர்ட்டிஃபாக்ட்: பூ, இறகு, சேண்ட்ஸ், காப்லெட், சர்க்லெட். ஒவ்வொன்றிலும் ஒரு மெயின் ஸ்டாட் (முதன்மை எண்), அதன் கீழே சில சப்ஸ்டாட் (துணை எண்கள்) இருக்கும். புதிதாக ஆடுபவர்கள் சப்ஸ்டாட்டில் ஆரம்பித்து அணியில் முடிக்கிறார்கள். வேலை நடக்க வேண்டிய வரிசை அதற்கு நேர் எதிர். முதலில் அணி, பிறகு எனர்ஜி, பிறகு மெயின் ஸ்டாட், செட் (ஒரே குடும்பத்துத் துண்டுகள் சேர்ந்தால் வரும் பலன்), கடைசியில்தான் சப்ஸ்டாட். ஒரு ஸ்டாட்டுக்குத் தனியாக விலை கிடையாது. பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது என்பதை வைத்தே அதன் விலை ஏறும், இறங்கும்.

உதாரணத்துக்கு பைரோ (நெருப்பு) எலிமெண்ட் ஆளான ஷியாங்லிங்கை எடுத்துக்கொள்வோம். ஸ்பைரல் அபிஸ் என்ற சவாலின் மூன்றாம் தளத்தை முடித்தால் இலவசமாகவே கிடைப்பவர். ஆயுதம் 'தி கேட்ச்'. இனாசுமா பகுதியில் மீன்பிடித்து வாங்கலாம், ரிஃபைன்மெண்ட் (ஆயுதத்தின் சிறப்புப் பலனை உயர்த்தும் படி) 5 வரை காசு செலவில்லை. வேறு ஆளை வளர்ப்பவர்கள் எண்களை மாற்றிக்கொண்டால் போதும், வழி ஒன்றுதான்.

1. சர்வரும் மணிக்கணக்கும்

டர்பனிலோ ஜோஹன்னஸ்பர்க்கிலோ இருந்து ஆடினால் ஐரோப்பா சர்வர்தான் வசதி. சென்னையில் இருக்கும் சித்தப்பா பையனோடு சேர்ந்து ஆடலாம் என்று ஆசியா சர்வரில் போய் உட்காருபவர்கள் உண்டு. பிங் (சர்வருக்குப் போய்வரும் நேரம்) உயரும், பிறகு மனம் மாறினாலும் ஒரு சர்வரில் வளர்த்தது இன்னொன்றுக்கு வராது. முதல் நாளே யோசித்து முடிவெடுங்கள்.

ஐரோப்பா சர்வரின் நாள் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நமக்கு விடியற்காலை 5 மணிக்கு மாறும். மொரீஷியஸ், ரெயூனியன்காரர்களுக்கு 7 மணி. இது ஏன் முக்கியம் என்றால், ஷியாங்லிங்கின் டேலண்டை (திறன்களை) ஏற்ற வேண்டிய 'டிலிஜென்ஸ்' புத்தகங்கள் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு மட்டுமே விழும். செவ்வாய் வேலை முடிந்து வர நேரமாகிவிட்டால் பதறவேண்டாம். புதன் விடிகாலை 4 மணிக்கும் விளையாட்டில் அது செவ்வாய்தான்.

பரிசு எடுக்கச் செலவாகும் ரெசின் 8 நிமிடத்துக்கு ஒன்று ஊறும். 200 நிரம்ப 26 மணி 40 நிமிடம். நாளொன்றுக்கு ஊறுவது 180, டொமைனுக்கு (பரிசுக்காக ஆடும் சண்டைக்கூடத்துக்கு) 20 வீதம் ஒன்பது ஓட்டம். சண்டை நடுவில் லோட்ஷெட்டிங் வந்து திரை அணைந்தால் ரெசின் போய்விட்டதே என்று பயப்பட வேண்டாம். முடிவில் மரத்தைத் தொட்டுப் பரிசு எடுக்கும்போதுதான் அது கழியும்.

2. ஆர்ட்டிஃபாக்டைத் தொடும் முன்

அட்வெஞ்சர் ரேங்க் (உங்கள் கணக்கின் லெவல்) 45 ஆகட்டும். அதற்கு முன் டொமைனில் 5 நட்சத்திர ஆர்ட்டிஃபாக்ட் விழுவது உறுதியில்லை. அதுவரை கையில் கிடைத்த 4 நட்சத்திரத்தில் சரியான மெயின் ஸ்டாட் இருப்பதைப் போட்டு ஓட்டுங்கள், ரெசினை ஆர்ட்டிஃபாக்டில் கரைக்காதீர்கள்.

ஆயுதத்தை 90க்கு ஏற்றுங்கள். அட்டாக் சதவீதம் எல்லாம் அடிப்படை அட்டாக்கை மட்டுமே பெருக்கும். அந்த அடிப்படை என்பது ஆளின் அட்டாக்கும் ஆயுதத்தின் அட்டாக்கும் சேர்ந்தது. 90இல் ஷியாங்லிங் 225, தி கேட்ச் 510, ஆக 735. இதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆயுதம். ஆளை 80இலிருந்து 90க்கு ஏற்றுவது, எதிரியின் டிஃபென்ஸ் கணக்கில் 90ஆம் லெவல் எதிரிக்கு எதிராக 2.8% கூட்டும். கூடவே அடிப்படை அட்டாக்கும் சற்று ஏறும். நல்லதுதான், ஆனால் ஆயுதத்துக்குப் பிறகு.

டேலண்டை விட்டுவிடுபவர்கள் அதிகம். ஷியாங்லிங்கின் பர்ஸ்ட் (எனர்ஜி நிறைந்தால் தட்டும் பெரிய தாக்குதல்) லெவல் 6இல் ஒரு சுற்று அடி அட்டாக்கில் 156.8%. லெவல் 8இல் 179.2%. அதாவது 14% கூடுதல், அதுவும் தாயம் உருட்டாமல். புத்தகம் சேர்த்தால் நிச்சயம் கிடைப்பது. ஆர்ட்டிஃபாக்டில் இதே 14% எடுக்க எத்தனை வாரம் ஆகும் என்பது யாருக்கும் தெரியாது. 7ஆம் லெவலிலிருந்து வாராந்திர பாஸின் பொருள் வேண்டும், அதை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள்.

3. எல்லாம் பெருக்கல்

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வீட்டுக் கொல்லையில் கீரைப் பாத்தி போட்டவருக்கு இது உடனே விளங்கும். பாத்தி 10 அடி நீளம், 3 அடி அகலம். நீளத்தில் ஓரடி கூட்டினால் 3 சதுர அடி கிடைக்கும். அகலத்தில் அதே ஓரடி கூட்டினால் 10 சதுர அடி. குட்டையான பக்கத்தில் கூட்டுவதுதான் லாபம்.

டேமேஜுக்கு இப்படிப் பல பக்கங்கள்: மொத்த அட்டாக் × டேலண்ட் சதவீதம் × (1 + டேமேஜ் போனஸ்) × கிரிட் (சில அடிகள் கூடுதல் பலத்தோடு விழுவது) × எதிரியின் டிஃபென்ஸ் × எதிரியின் ரெசிஸ்டன்ஸ் × ரியாக்‌ஷன். ஒரே பக்கத்துக்குள் வருபவை ஒன்றோடொன்று கூடும். வேறு வேறு பக்கங்கள் ஒன்றையொன்று பெருக்கும்.

'அட்டாக் 2,500 ஆயிடுச்சு, இன்னும் அடி விழலையே' என்று கேட்பவர் பாத்தியை நீளமாக மட்டும் இழுத்துக்கொண்டிருக்கிறார்.

4. அணியை முடிவு செய்யுங்கள்

அணி தெரியாமல் ஆர்ட்டிஃபாக்ட் தேர்ந்தெடுப்பது, ஆளை அளக்காமல் சட்டை தைப்பது. இந்த வழிகாட்டியில் அணி: ஷியாங்லிங், பென்னட் (இவரும் பைரோ), ஷிங்ச்சியூ (ஹைட்ரோ, அதாவது நீர்), சுக்ரோஸ் (காற்று).

பென்னட்டின் பர்ஸ்ட் அட்டாக்கைக் கூட்டுகிறது. எவ்வளவு என்பது பென்னட்டின் அடிப்படை அட்டாக்கைப் பொறுத்தது. அவருக்கு அட்டாக் ஆர்ட்டிஃபாக்ட் மாட்டிவிட்டு 'பஃப் ஏறவே இல்லை' என்பவர்கள் நிறைய. அடிப்படை அட்டாக் அதிகமுள்ள வாளைக் கொடுங்கள், ஆர்ட்டிஃபாக்டில் எனர்ஜியும் ஹெச்பியும் (உயிரளவும்) போதும். செட் என்றால் நோப்லெஸ் நான்கு; அணிக்கே 20% அட்டாக். இன்னொரு பொறி: கான்ஸ்டலேஷன் (அதே ஆள் மறுபடி கிடைத்தால் திறக்கும் மேம்பாடு) இல்லாத பென்னட்டின் வட்டத்தில் ஹெச்பி 70%க்கு மேல் இருப்பவருக்குத்தான் அட்டாக் ஏறும். முதல் கான்ஸ்டலேஷன் அந்த நிபந்தனையை எடுத்துவிடுகிறது.

சுக்ரோஸுக்கு விரிடெசென்ட் செட் நான்கு. அவருடைய காற்று பைரோவைச் சுழற்றினால் எதிரியின் பைரோ ரெசிஸ்டன்ஸ் (பைரோவைத் தாங்கும் திறன்) 40 குறையும். சாதாரண எதிரியின் 10% மைனஸ் 30 ஆகும். பூஜ்யத்துக்குக் கீழே போனது பாதியாகவே கணக்கில் வரும் என்பதால் பெருக்கி 0.9இலிருந்து 1.15 ஆகிறது. 28% லாபம், ஷியாங்லிங்கின் ஆர்ட்டிஃபாக்டில் கைவைக்காமலே. ஹைட்ரோவை மட்டும் சுழற்றினால் இது கிடைக்காது. எந்த எலிமெண்ட் சுழன்றதோ அதன் ரெசிஸ்டன்ஸ்தான் குறையும். சுக்ரோஸின் சுழலுக்குக் கிரிட் கிடையாது, அவருக்கு மாஸ்டரி (எலிமெண்ட் மோதலின் பலத்தைக் கூட்டும் ஸ்டாட்) மட்டும் போதும்.

வரிசை முக்கியம். ஷியாங்லிங்கின் பர்ஸ்ட், தொடங்கும் கணத்தில் இருக்கும் அட்டாக்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே ஷிங்ச்சியூ, பென்னட், சுக்ரோஸ், பிறகு பென்னட்டின் வட்டத்துக்குள் நின்று ஷியாங்லிங். வட்டத்துக்கு வெளியே ஓரடி நின்று தட்டினால் 10 விநாடியும் பஃப் இல்லாத அடிதான். அதன்பின் உள்ளே ஓடி வந்து பயனில்லை.

5. எனர்ஜி ரீசார்ஜ்

எனர்ஜி எவ்வளவு வேகமாக நிறையும் என்பதுதான் ரீசார்ஜ். பர்ஸ்ட் நேரத்துக்கு வரவில்லை என்றால் மற்ற எல்லா எண்ணும் வெறும் அலங்காரம். ஷியாங்லிங்கின் பர்ஸ்டுக்கு 80 எனர்ஜி, 20 விநாடி கூல்டவுன் (மறுபடி தட்டக் காத்திருக்கும் நேரம்). ஒரு சுற்று தவறினால் டேமேஜ் பாதியாகும்.

அளப்பது எளிது. ஹெச்பி நிறைய உள்ள ஒரு பாஸிடம் போய் முழு ரொட்டேஷனை (நால்வரும் வரிசையாக ஆடும் சுற்றை) இரண்டு முறை ஆடுங்கள். மூன்றாவது சுற்றில் ஷியாங்லிங்கின் முறை வரும்போது பர்ஸ்ட் நிறைந்திருக்க வேண்டும். சில்லறை எதிரிகளிடம் சோதிக்காதீர்கள். அவை சாகச் சாக எனர்ஜித் துகள்களைக் கொட்டும், ரீசார்ஜ் போதும் என்று பொய் சொல்லும்.

ரீசார்ஜைக் கூட்டுமுன் துகளை யார் வாங்குகிறார் என்று பாருங்கள். ஒரே எலிமெண்ட் துகள் களத்தில் நிற்பவருக்கு 3, நால்வர் அணியில் வெளியே இருப்பவருக்கு அதில் 60% மட்டும். பென்னட்டின் ஸ்கில் 3 துகள் தந்தது என்று வையுங்கள். ரீசார்ஜ் 180% உள்ள ஷியாங்லிங் களத்தில் இருந்தால் 16.2. வெளியே இருந்தால் 9.7. பென்னட் ஸ்கில்லைத் தட்டியதும் ஷியாங்லிங்குக்கு மாறுங்கள். இதைச் சரிசெய்யாமல் ரீசார்ஜ் சேண்ட்ஸ் மாட்டுவது, ஓட்டைக் குடத்துக்கு இன்னொரு குழாய் போடுவது போல.

நம் ஊரிலிருந்து ஐரோப்பா சர்வருக்குப் போய் வர நேரம் எடுக்கும். ஆள் மாறும்போது ஒரு கண இழுப்பு இருக்கும், துகள் தவறும். வீடியோவில் ஐரோப்பாவிலேயே இருந்து ஆடுபவர் சொல்லும் எண்ணை அப்படியே எடுக்காமல் உங்கள் லைனில் நீங்களே அளந்து, கொஞ்சம் கூடுதல் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கணக்கில்: அடிப்படை 100, தி கேட்ச் 45.9, எம்பளம் செட்டின் இரண்டு துண்டு 20, சப்ஸ்டாட் 20. மொத்தம் 186 அளவில். இது போதும் என்று சோதனை சொன்னால் ரீசார்ஜ் சேண்ட்ஸ் தேவையில்லை.

6. மெயின் ஸ்டாட்

பூவுக்கும் இறகுக்கும் தேர்வு இல்லை. மீதி மூன்றில்தான் வேலை.

சேண்ட்ஸ்: அட்டாக்கா, மாஸ்டரியா? இந்தச் சண்டைக்கு அணியைப் பார்க்காமல் பதில் கிடையாது. அட்டாக் சேண்ட்ஸ் 46.6%, சப்ஸ்டாட்டில் 15%, இறகு 311 என்றால் தனி ஆளாக அட்டாக் 1,499. பென்னட் 900 தருகிறார் என்று வைத்து, நோப்லெஸின் 147ஐயும் சேர்த்தால் 2,546. சேண்ட்ஸை மாஸ்டரியாக மாற்றினால் 2,203. இழப்பு 13.5%.

மாஸ்டரி 96இலிருந்து 283 ஆகும். பைரோவும் ஹைட்ரோவும் மோதும் வேப்பரைஸுக்கான கூடுதல் = 2.78 × மாஸ்டரி ÷ (மாஸ்டரி + 1400). 96க்கு 17.8%, 283க்கு 46.7%. அடி வேப்பரைஸ் ஆனால் 24.5% லாபம். இழப்பையும் சேர்த்துப் பெருக்கினால் நிகரம் 7.8% கூடுதல்.

பென்னட்டும் நோப்லெஸும் இல்லையென்றால்? 1,499 என்பது 1,156 ஆகச் சரியும், 23% இழப்பு. அப்போது எல்லா அடியும் வேப்பரைஸ் ஆனாலும் மாஸ்டரி 4% தோற்கும். அதே ஆள், அதே ஆயுதம், விடை தலைகீழ்.

பென்னட் இருக்கும்போது எல்லா அடியும் வேப்பரைஸ் ஆவதும் கிடையாது. கணக்குப் போட்டால் சரிபாதிதான் எல்லை. பாதிக்கு மேல் அடிகள் வேப்பரைஸ் ஆனால் மாஸ்டரி, குறைந்தால் அட்டாக். திரையில் 'வேப்பரைஸ்' என்ற சொல் எத்தனை அடிக்கு எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். ஷிங்ச்சியூவின் வாள்மழை சாதாரண அடி அடித்தால்தான் பெய்யும். அடிக்காமல் ஓடிக்கொண்டிருந்தால் பாதியைத் தொடமாட்டீர்கள்.

காப்லெட்: பைரோ. எம்பளம் நான்கு துண்டு, ரீசார்ஜில் கால்வாசியைப் பர்ஸ்ட் போனஸாக்கும்; 186க்கு 46.5%. தி கேட்ச் ரிஃபைன்மெண்ட் 5 தருவது 32%. இவற்றோடு பைரோ காப்லெட் 46.6% சேர்ந்தால் 1.785 என்பது 2.251 ஆகும், 26% லாபம். அட்டாக் காப்லெட் பென்னட் அணியில் 13.5% அட்டாக்தான் கூட்டும். போனஸ் பக்கம் ஏற்கெனவே நீண்டுவிட்டபோதும் பைரோதான் முன்னே நிற்கிறது.

சர்க்லெட்: கிரிட் ரேட்டா (கிரிட் விழும் வாய்ப்பு), கிரிட் டேமேஜா (விழும்போது கூடும் அளவு)? ரேட் × டேமேஜ் பெரிதாக வருவதுதான் குறி. சப்ஸ்டாட்டில் டேமேஜ் எப்போதும் ரேட்டைப்போல் இரு மடங்காக விழுவதால் 1க்கு 2 என்ற விகிதத்தில் பெருக்கம் உச்சம். 40க்கு 180 வைத்திருப்பவரின் சராசரி 1.72, அதே முதலீட்டை 65க்கு 130 என்று பிரித்தவருக்கு 1.845.

மற்ற நான்கு துண்டிலும் ரேட் 24, டேமேஜ் 60 இருக்கிறது என்போம். ரேட் சர்க்லெட் போட்டால் 60.1க்கு 110. டேமேஜ் சர்க்லெட் போட்டால் 29க்கு 172.2. ரேட் 11% முன்னே. ஆனால் தி கேட்ச் பர்ஸ்டுக்கு மட்டும் 12% ரேட் தருகிறது, அது ஆளின் பக்கத்தில் காட்டாது. அதையும் கூட்டினால் 72.1க்கு 110, மற்றது 41க்கு 172.2. இப்போது வித்தியாசம் 5%தான். திரையில் தெரியாத ரேட்டைக் கூட்ட மறப்பது ஐஸ் அணியில் இன்னும் மோசம்: பிளிசார்ட் செட் உறைந்த எதிரிக்கு 40%, கிரையோ ரெசொனன்ஸ் (அணியில் இரண்டு ஐஸ் ஆள்கள் இருந்தால் வருவது) 15%. திரையில் 45% காட்டினாலே நூறு ஆகிவிட்டது. அதற்கு மேல் ஏற்றிய ரேட் எல்லாம் வீண்.

7. செட்

எம்பளத்தின் நான்கு துண்டு, பைரோ காப்லெட்டும் தி கேட்ச்சும் இருக்கும்போது 26% தருகிறது. அதிகபட்ச கிரிட் ரேட் உருட்டு (சப்ஸ்டாட் ஒருமுறை ஏறுவது) ஒன்று, 3.9, நம் கணக்கில் 2.4% தரும். ஏறத்தாழ பத்து உச்ச உருட்டுக்குச் சமம் இந்த செட். அட்டாக் 18% தரும் இரண்டு இரண்டாக மாட்டினால் பென்னட் அணியில் 10% அளவில்தான் திரும்பும், ரீசார்ஜும் 20 போய்விடும். ஆகவே இங்கே செட்டை உடைக்க வேண்டாம்.

ஐந்தாவது துண்டு எந்த செட்டாகவும் இருக்கலாம். அந்த இடத்தைக் காப்லெட்டுக்கு ஒதுக்குங்கள். டொமைனில் இரண்டு செட் விழும், ஐந்து இடம், காப்லெட்டில் பைரோ வருவது 5%. பெருக்கினால் எம்பளம் பைரோ காப்லெட் 200இல் ஒன்று. தினம் ஒன்பது ஓட்டம் ஓடினாலும் சராசரியாக மூன்று வாரம், அதற்குப் பிறகும் சப்ஸ்டாட் பூராவும் டிஃபென்ஸாக இருக்கலாம். பையில் கிடக்கும் எந்த செட் பைரோ காப்லெட்டும் நல்லதே.

எம்பளம் கிடைக்கும் இடம் இனாசுமாவின் மோமிஜி-டைட் கோர்ட். வேண்டாத மூன்றை ஆர்ட்டிஃபாக்ட் மாற்றும் பெட்டியில் போட்டு ஒரு எம்பளமாகவும் மாற்றலாம்.

8. சப்ஸ்டாட், எதை ஏற்றுவது

மாஸ்டரி சேண்ட்ஸ், ரேட் 72.1, டேமேஜ் 110 என்ற நிலையில் ஒவ்வொரு உச்ச உருட்டும் தருவது: கிரிட் டேமேஜ் 7.8 என்றால் 3.1%, கிரிட் ரேட் 3.9 என்றால் 2.4%, மாஸ்டரி 23 என்றால் 2.1%, அட்டாக் 5.8% என்றால் 1.9%, வெறும் அட்டாக் 19 என்றால் 0.9%. ரீசார்ஜ் 6.5 எம்பளம் வழியாக 0.7%. ஹெச்பியும் டிஃபென்ஸும் பூஜ்யம்.

மாஸ்டரி அட்டாக்கை முந்துவதைக் கவனியுங்கள். 'மாஸ்டரி விழுந்துவிட்டது' என்று நல்ல துண்டுகளைத் தீனியாக்குபவர்கள் இங்கேதான் நஷ்டப்படுகிறார்கள். வெறும் அட்டாக்கைச் சதவீத அட்டாக்கோடு குழப்புவது அதற்கு எதிர்த் தவறு. 19 என்ற எண் 5.8ஐ விடப் பெரிதாகத் தெரிகிறது, தருவதோ பாதிக்கும் குறைவு.

ஒரு 5 நட்சத்திரத் துண்டை +20 ஆக்க ஏறத்தாழ 2,70,000 எக்ஸ்பி (லெவல் ஏற்றும் புள்ளி), அதே அளவு மோரா (விளையாட்டுக் காசு). +12 வரை இதில் மூன்றில் ஒரு பங்குதான். +16இலிருந்து +20க்கு மட்டும் 43% போகிறது. அதனால் ஒவ்வொரு நான்கு லெவலுக்கும் நின்று பாருங்கள். மூன்று வரியோடு வந்தது +4இல் நாலாவது வரியைத் திறக்கும். +8க்குள் இரண்டு உருட்டும் ஹெச்பி, டிஃபென்ஸில் விழுந்தால் அங்கேயே விடுங்கள். வேறொன்றுக்குத் தீனியாகப் போட்டால் எக்ஸ்பியில் 80% திரும்பும்.

பூவிலும் இறகிலும் கறாராக இருங்கள். மெயின் ஸ்டாட் மாறாது, தினமும் விழும். இரண்டு கிரிட்டும் இல்லாத பூவை ஏற்ற அவசரமில்லை. சேண்ட்ஸ், காப்லெட், சர்க்லெட்டில் சரியான மெயின் ஸ்டாட்டே அபூர்வம். அங்கே ஒரு கிரிட் வரியோடு வந்தாலே ஏற்றிவிடலாம்.

9. சோதித்துப் பார்ப்பது

ஒரே எதிரி, ஒரே இடம், ஒரு நேரத்தில் ஒரு துண்டை மட்டும் மாற்றுங்கள். கிரிட் ஆகாத அடிகளை மட்டும் ஒப்பிடுங்கள், அதிர்ஷ்டம் கணக்கைக் கெடுக்காது. வேப்பரைஸ் ஆன அடியோடு ஆகாத அடியை ஒப்பிடக்கூடாது. பைரோ தூண்டும் வேப்பரைஸ் 1.5 மடங்கு, மாஸ்டரி அதற்கு மேல்.

பிறகு அபிஸில் ஒரே அறையை முடிக்கும் விநாடியைப் பாருங்கள். ஒரு பெரிய எண் ஸ்கிரீன்ஷாட்டுக்கு அழகு. அறையை முடிப்பது சராசரி.

கணக்குக்கும் திரைக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் ஆர்ட்டிஃபாக்டைச் சந்தேகிக்குமுன் இந்த வரிசையில் தேடுங்கள்: பர்ஸ்ட் தட்டும்போது பென்னட்டின் வட்டத்துக்குள் நின்றீர்களா, ஷியாங்லிங்கின் ஹெச்பி 70%க்குக் கீழே இருந்ததா, சுக்ரோஸ் சுழற்றியது பைரோவா ஹைட்ரோவா, எதிரிக்கு இயல்பாகவே பைரோ ரெசிஸ்டன்ஸ் அதிகமா. கடைசியாக, தி கேட்ச் இன்னும் ரிஃபைன்மெண்ட் 1இலேயே கிடக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.